சால்மனுக்குப் பழப்பாகு: ஓவனில் முதன்முறை மீன் வைப்பவர்களுக்கு

வான்கூவருக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் சால்மன் மேலே கருகி, உள்ளே சக்கையாகப் போயிருந்தது. ஊரில் மீன் குழம்பு வைத்துப் பழகிய கை. வஞ்சிரத்தையும் சங்கராவையும் கொதிக்கிற புளித்தண்ணீரில் போட்டுப் பழகியவருக்கு மீன் காய்ந்துபோகும் என்ற நினைப்பே வராது. ஐந்து நிமிடம் கூடப் போனாலும் குழம்பு காப்பாற்றிவிடும். ஓவனில் அந்தக் குழம்பு கிடையாது. நான் ஆப்ரிகாட் ஜாமை பாட்டிலிலிருந்து வழித்து மீன்மேல் அப்படியே பூசி, நாற்பது நிமிடம் வைத்துவிட்டேன். ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை. தட்டு ஓரத்தில் வழிந்த ஜாம் முதலில் கறுத்தது, பிறகு புகைந்தது, அலாரம் அலறியது. மீனில் ஒரு சொட்டு ஈரம் மிச்சமில்லை.

பழத்துக்கு வேண்டிய சூடும் நேரமும் வேறு, மீனுக்கு வேண்டியது வேறு என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பழத்தை அடுப்பில் தனியாகச் சமைத்து முடித்துவிட வேண்டும். மீன்மேல் அது கடைசி ஐந்தாறு நிமிடம் இருந்தால் போதும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஆங்கிலத்தில் கிளேஸ் என்பார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பழப்பாகு. அதிரசத்துக்கும் கடலை மிட்டாய்க்கும் பாகு வைத்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

எந்தச் சால்மன்?

கடையில் சால்மன் என்ற பெயரில் கிடப்பதெல்லாம் ஒரே மீன் இல்லை. அட்லாண்டிக் சால்மன் என்று எழுதியிருந்தால் அது அநேகமாகப் பண்ணையில் வளர்த்தது. உலகத்திலேயே அதிகமாக வளர்ப்பது நார்வே, அடுத்தது சிலி. இதன் சதையில் கொழுப்பு வெள்ளைக் கோடுகளாக ஓடும். அந்தக் கொழுப்புதான் புதியவர்களுக்குத் துணை. ஓரிரு நிமிடம் தவறினாலும் மீன் மன்னித்துவிடும்.

பசிபிக் பக்கம் வட அமெரிக்கக் கரையில் ஐந்து வகை: சினூக், சாக்கை, கோஹோ, பிங்க், சம். எங்கள் பக்கத்தில் கோடைக்காலம் என்றால் சாக்கை. ஃப்ரேசர் நதியில் ஏறி வரும் மீன் இது. நதியின் கீழ்ப்பகுதியில் வாழும் பூர்வகுடிகளின் ஹல்கொமேலம் மொழியிலிருந்துதான் சாக்கை என்ற பெயரே வந்தது. ஃப்ரேசரின் கிளையான ஆடம்ஸ் நதிக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருங்கூட்டமாக வரும். 2010, 2014, 2018, 2022 என்று அந்தக் கணக்கு ஓடுகிறது. 2010-ல் ஃப்ரேசருக்குத் திரும்பிய சாக்கை மட்டும் ஏறக்குறைய 3 கோடி. சதை செக்கச் சிவந்திருக்கும், சுவை அழுத்தமாக இருக்கும். ஆனால் கொழுப்பு குறைவு, துண்டும் மெல்லியது, கண்ணை மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் முதல் தடவை அட்லாண்டிக்கோ சினூக்கோ வாங்குங்கள். கை பழகியதும் சாக்கைக்கு வாருங்கள். எனக்கு இரண்டில் ஒன்று என்றால் சாக்கைதான், யோசிக்கவே மாட்டேன்.

நிறத்தை வைத்து மட்டும் மீனை எடைபோடாதீர்கள். காட்டு மீனுக்கு அந்தச் சிவப்பு அது தின்கிற கூனிப்பொடி போன்ற சிறு உயிர்களில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியால் வருகிறது. பண்ணை மீனுக்கு அதே நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: விரலால் அமுக்கினால் குழி உடனே எழும்ப வேண்டும், சதையின் அடுக்குகளுக்கு நடுவே விரிசல் இருக்கக் கூடாது, மணம் கடல் மணமாக இருக்க வேண்டும், கவிச்சி மூக்கில் ஏறக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியன் சால்மன் என்று விற்பது நம்முடைய காலா மீன். அது சால்மன் குடும்பமே இல்லை; சதை வெள்ளை, கொழுப்பு குறைவு. ஆனால் முள்ளில்லாமல் அரிந்த தடிமனான காலாத் துண்டுக்கும் இந்தப் பாகு நன்றாகப் பொருந்தும். சதை மையம் வரை முழு வெள்ளையாகும் வரை வைத்தால் போதும்.

உறைய வைத்த மீனில் குறையொன்றும் இல்லை. முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். காற்றில்லாமல் அடைத்த பிளாஸ்டிக் உறையில் இருந்தால், இளகுவதற்கு முன் உறையைக் கிழித்துவிடுங்கள். காற்று புகாத இடத்தில் வளரும் ஒரு ஆபத்தான கிருமி உண்டு, அதற்காக. சமையல் மேடையில் வைத்து இளக்குவது வேண்டாம்.

நான்கு பேருக்கு வேண்டியவை

சால்மன் தோலோடு 650 கிராம், நடுப்பகுதியாக. வால் பக்கம் மெலிந்து போகும்; அதை வாங்கினால் ஒரு முனை வேகும்போது இன்னொரு முனை காய்ந்திருக்கும். கடைக்காரரிடம் நடுத்துண்டு என்று கேட்டால் வெட்டித் தருவார்.

பாகுக்கு: நன்கு பழுத்த ஆப்ரிகாட் 300 கிராம், அதாவது ஏழெட்டுப் பழம். மேப்பிள் சிரப் 2 மேசைக்கரண்டி, இல்லாவிட்டால் அதே அளவு பொடித்த வெல்லம். துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, தட்டிய பூண்டு 1 பல், டிஜான் கடுகு விழுது 1 மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்த காய்ந்த மிளகாய் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 தேக்கரண்டி, உப்பு.

மீனுக்கு: உப்பு 1 தேக்கரண்டி, மிளகுத்தூள், எண்ணெய் கொஞ்சம்.

ஜூலை, ஆகஸ்டில் ஒகனாகன் பள்ளத்தாக்கிலிருந்து ஆப்ரிகாட் வரும்போதே சாக்கையும் வர ஆரம்பித்துவிடும். ஒரே மாகாணத்து மீன், ஒரே மாகாணத்துப் பழம். நான் இந்தப் பழத்தைப் பிடித்துக்கொண்டது அப்படித்தான். மற்ற மாதங்களில் ஜாம் போதும், அதைப் பிறகு சொல்கிறேன்.

பாகு

இதை முதலில் முடித்துவிடுங்கள். மீன் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்து, தோலோடு சிறு துண்டாக நறுக்குங்கள். பாகுக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டின் தோலிலும் இருக்கிறது, சீவி எறிய வேண்டாம். அடி கனமான சிறு பாத்திரத்தில் பழம், கால் கோப்பைத் தண்ணீர், மேப்பிள் சிரப், இஞ்சி, பூண்டு, ஒரு சிட்டிகை உப்பு. தீ மிதமாக. முதல் ஐந்து நிமிடம் பழம் தண்ணீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். பார்த்தால் இது எங்கே பாகாகப் போகிறது என்று தோன்றும். பத்தாவது நிமிடம் தொட்டு ஓசை மாறும். குமிழிகள் பெரிதாகி, மெதுவாக, ‘பொத் பொத்’ என்று வெடிக்கும். அப்போதுதான் கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும், அடி பிடிக்கிற நேரம் அது.

பழம் குழைந்ததும் மத்தாலோ கரண்டியாலோ மசித்து, கண் பெரிய வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். தோல் நார் மேலே நின்றுவிடும். வடித்ததைத் திரும்ப அடுப்பில் வைத்துப் பதம் பாருங்கள். ஒரு எவர்சில்வர் தட்டைப் பத்து நிமிடம் முன்பே ஃப்ரீசரில் வைத்திருங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்தால், தேன் மாதிரி தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம். விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்துக் கம்பி வந்தால் அளவு மீறிவிட்டது. ஓவன் சூட்டில் அது மிட்டாய் மாதிரி இறுகிப் பல்லில் ஒட்டும். ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால் கொஞ்சம் இளகலிலேயே இறக்குவது நல்லது.

அடுப்பை அணைத்த பிறகு கடுகு விழுது, மிளகாய், எலுமிச்சைச் சாறு, வெண்ணெய். சாறு கொதித்தால் மணம் போய்விடும். வெண்ணெய் பளபளப்புக்கு.

இப்போது ருசி பாருங்கள். கரண்டியில் தனியாகச் சாப்பிடும்போது புளிப்பும் உறைப்பும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். சால்மன் கொழுப்பு மீன். அதன்மேல் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கரண்டியிலேயே இனிப்பு மட்டும் நின்றால், மீன்மேல் அது ஜாம் தடவிய ரொட்டியின் சுவைக்கு வந்துவிடும். தயங்காமல் இன்னும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள்.

பாகை இரண்டு கிண்ணத்தில் பிரித்து வையுங்கள். ஒன்று மீனில் பூச, இன்னொன்று சாப்பிடும்போது மேலே ஊற்ற. பச்சை மீனைத் தொட்ட பிரஷ் முதல் கிண்ணத்தைத் தாண்டக் கூடாது.

ஜாமில் செய்வதானால் 5 மேசைக்கரண்டி ஜாமோடு 2 மேசைக்கரண்டி தண்ணீர், இஞ்சி, பூண்டு, உப்பு சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்க விட்டு இறக்கி, மற்றதைக் கலந்துவிடலாம். மேப்பிள் சிரப் வேண்டாம். எலுமிச்சையை இரட்டிப்பாக்குங்கள்.

மசாலா தடவி ஊற வைக்கிற மாதிரி மீனைப் பாகில் ஊற வைக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். எலுமிச்சையின் புளிப்பு, அடுப்பில் ஏறும் முன்பே மீனின் மேல்சதையை வெளுக்க வைத்து இறுக்கிவிடும். அன்னாசி, பப்பாளி, கிவி போன்ற பழங்களைப் பச்சையாக அரைத்துச் சேர்த்தால் இன்னும் மோசம். ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவோமே, கறியைக் கரைக்கிற அதே வேலையை அந்தப் பழங்களின் நொதிகள் மென்மையான மீனில் செய்யும். அரை மணியில் கூழாகிவிடும். அன்னாசி பிடிக்குமென்றால் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகு பயன்படுத்துங்கள். கொதியில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

மீனைத் தயார் செய்வது

மீனை எடுத்துத் தட்டில் தோல் கீழே இருக்க வையுங்கள். முள் நீக்கியது என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். தலைப்பக்கத்திலிருந்து வால் பக்கமாக நடுச்சதைமேல் விரலை அழுத்தி ஓட்டினால் ஊசி முனைபோல் வரிசையாகத் தட்டுப்படும். புருவம் திருத்துகிற சாமணம் ஒன்றைச் சமையலுக்கென்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். முள்ளின் முனையைப் பிடித்து, அது சாய்ந்திருக்கும் பக்கமாக, தலைப்பக்கம் நோக்கிச் சாய்வாக இழுங்கள். நேராக மேலே இழுத்தால் சதை கிழியும். முள் பார்த்துச் சாப்பிடத் தெரிந்தவர்கள்தான் நாம். ஆனால் இந்தப் பாகு எல்லாவற்றையும் மூடிவிடும், குழந்தைகளுக்குத் தெரியாது. இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மீனைக் குழாயடியில் மஞ்சள் போட்டு அலசுவது நம் பழக்கம். இங்கே அது தேவையில்லை. ஈரம் இருந்தால் பாகு பிடிக்காமல் வழுக்கும். காகிதத் துண்டால் இரண்டு பக்கமும் ஒற்றி, உப்பும் மிளகும் தூவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மேலே நீர் முத்து முத்தாகத் துளிர்க்கும். அதையும் ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெய் தடவுங்கள்.

ஓவன்

இங்கே பல ஓவன்களில் முள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 200 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று படித்துவிட்டு 200 ஃபாரன்ஹீட்டில் திருப்பினால் அது 93 செல்சியஸ்தான். மீன் அரைகுறையாக வெதுவெதுப்பில் கிடக்கும். நீங்கள் வைக்க வேண்டியது 200 செல்சியஸ், அதாவது 400 ஃபாரன்ஹீட். விசிறி ஓடும் ஓவனானால் 180 செல்சியஸ். கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

தட்டில் அலுமினியத் தாள் விரித்து எண்ணெய் தடவுங்கள். வெண்ணிறப் பேக்கிங் தாள் வேண்டாம். கடைசியில் மேல்சூட்டில் வைக்கும்போது அது தீப்பிடிக்கும்.

இனி இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள அட்லாண்டிக் துண்டுக்கான கணக்கு. தோல் கீழே, நடுத்தட்டில், பாகு இல்லாமல் 6 நிமிடம். வெளியே எடுத்து, முதல் கிண்ணத்திலிருந்து மெல்லியதாக ஒரு பூச்சு. திரும்ப 4 நிமிடம். இன்னொரு பூச்சு, இம்முறை கொஞ்சம் தாராளமாக. இப்போது ஓவனை பிராயில் என்ற மேல்சூட்டுக்கு மாற்றி, தட்டை மேலே ஏற்றி, சூட்டுக் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். இந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள், அடுத்த அறைக்குப் போகாதீர்கள். முதல் நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு பாகு ஓரங்களில் நுரைத்து, ஆரஞ்சு நிறம் செம்பு நிறமாகி, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். அதுதான் நேரம், எடுத்துவிடுங்கள். பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது.

மெல்லிய சாக்கைக்கு முதல் கட்டம் 4 நிமிடம், இரண்டாவது 2 நிமிடம், பிறகு மேல்சூடு. தடிமனுக்கு ஏற்ற ஒரு பழைய கணக்கும் உண்டு. கனடா மீன்வளத் துறை பரப்பிய முறை அது: 230 செல்சியஸில் ஒரு அங்குலத் தடிமனுக்கு 10 நிமிடம். சூடு அதிகம் என்பதால் பாகு பூசிய மீனுக்கு அதை நான் அப்படியே எடுப்பதில்லை. ஆனால் எடையை விட்டுவிட்டுத் தடிமனைப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. ஒரு கிலோ மீனானாலும் கால் கிலோவானாலும் தடிமன் ஒன்றென்றால் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வெந்ததா என்று பார்ப்பது

தடித்த இடத்தில் முட்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகுங்கள். சதை அடுக்கடுக்காக, பூவிதழ் பிரிகிற மாதிரி விலக வேண்டும். நடுவில் மட்டும் கொஞ்சம் கண்ணாடிபோல் இருந்தால் அதுவே நான் எடுக்கும் பதம். வெளியே வைத்த ஐந்து நிமிடத்தில் உள்சூடு அதையும் பார்த்துக்கொள்ளும். இறைச்சித் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 52 முதல் 54 டிகிரி செல்சியஸ்.

ஆனால் அமெரிக்க அரசு சொல்லும் பாதுகாப்பான அளவு 63 டிகிரி. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் அந்த 63-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாவது கட்டத்தில் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக வைத்தால் வந்துவிடும். கொழுப்புள்ள அட்லாண்டிக் மீன் அதையும் தாங்கும். எங்கள் வீட்டில் என் மாமியாருக்கென்று ஒரு துண்டைத் தனியாக வெட்டி, முன்னதாகவே உள்ளே வைத்துவிடுவேன்.

மேலே வெள்ளையாகத் தயிர்க்கட்டி மாதிரி பிதுங்கினால் பயப்பட வேண்டாம். அது கெட்டுப்போனது இல்லை, கொழுப்பும் இல்லை. அல்புமின் என்ற புரதம். சூடு கூடக்கூட அது அதிகமாக வெளியே வரும். நிறைய வந்திருந்தால் அடுத்த தடவை இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும் என்று மீனே சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து மீனைப் பதினைந்து நிமிடம் போட்டெடுத்தால் இது வெகுவாகக் குறையும். அப்படிச் செய்தால் மேலே தூவும் உப்பை விட்டுவிடுங்கள்.

மற்றவை

பீச் பழமும் செர்ரியும் இதே அளவில் ஒத்துவரும். ஆரஞ்சு மார்மலேடு இன்னும் சுலபம், அதன் கசப்பு சால்மனுக்கு நன்றாக எடுபடும். மாம்பழத்தில் புளிப்பு குறைவு. பாதி பழமும் பாதி புளிப்பு மாங்காயுமாகப் போட்டால் எனக்குப் பிடித்த பாகு அதுதான்.

சூடான சோறு, மேலே இரண்டாவது கிண்ணத்துப் பாகு, பக்கத்தில் உப்பு மட்டும் போட்டு வதக்கிய பீன்ஸ் அல்லது அஸ்பாரகஸ். இதோடு சாம்பார், ரசம் எதையும் சேர்க்காதீர்கள். இனிப்பும் புளிப்பும் உறைப்பும் தட்டிலேயே இருக்கின்றன.

மிச்சம் இருந்தால் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் கவிச்சி வீடு முழுக்கப் பரவும், மீனும் ரப்பராகும். குளிராகவே உதிர்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரிக்காய், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிட்டால் மறுநாள் மதியத்துக்குப் போதும்.

பரிமாறும்போது தட்டையான தோசைக்கரண்டியைச் சதைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்தால் மீன் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும், தோல் தாளோடு ஒட்டி நிற்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். தாளிலிருந்து உரித்து, கருகிய பாகை வழித்துவிட்டு, காய்ந்த தோசைக்கல்லில் போட்டு மேலே இன்னொரு கனமான பாத்திரத்தை வைத்து அழுத்தி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் விடுங்கள். கொழுப்பெல்லாம் இறங்கி அப்பளம் மாதிரி நொறுங்கும். எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்ததும் மீன் வேண்டாம் என்று சொன்ன மகள்கூட அடுப்படிக்கு வந்துவிடுவாள்.